நஞ்சன்கூட்டுச் சாலையில் பழைய கார்கள்

கோயம்புத்தூர்

கோவையில் தொடங்கி ஊட்டி, கூடலூர், பந்திப்பூர், நஞ்சன்கூடு வழியாக மைசூருக்குப் போகும் சாலையில் பழைய பிரிட்டிஷ் கார்களின் வாழ்க்கை முழுவதும் அடுத்தடுத்துக் கிடக்கிறது. புறப்படும் இடத்தில் அவற்றைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஊர். நடுவில் அவை துருப்பிடித்து நின்ற மலை. கடைசியில் அவற்றை ஏழேழாக வாங்கியதாகப் பெயர்பெற்ற அரண்மனை. கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடுவின் பெயரில் இயங்கும் கார் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் இந்த வரிசை இன்னும் தெளிவாகப் புரியும். நாயுடுவின் தொழில்வாழ்வே ஒரு பழைய பிரிட்டிஷ் வண்டியில்தான் தொடங்கியது என்பார்கள். ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிள் மீது ஆசைப்பட்டு, ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தைக் கொடுத்து அதை வாங்கினார். வாங்கியதும் ஓட்டித் திரியவில்லை, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டினார். விற்ற அதிகாரி புது வர்ணம் அடித்துக் கொடுத்ததாக அந்தக் கதையை யாரும் சொல்வதில்லை. வண்டி முழுசாகக் கைமாறியது, வாங்கியவர் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவராக இருந்தார் என்பதே அதன் சாரம்.

வீட்டுக் கொட்டகையில் ஓடாமல் நிற்கும் அரிய பிரிட்டிஷ் காரை எப்படி விற்பது என்பதுதான் இந்தச் சாலை முழுக்கக் கூடவே வரும் கேள்வி. சீர்செய்து விற்பதா, நிற்கிற நிலையிலேயே விற்பதா? கொஞ்சம் டிங்கரிங், மேலே ஒரு கோட் பெயின்ட், இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிக் காட்டினால் விலை இரட்டிப்பு என்பது புரோக்கர் வாக்கு. என் வாதம் இதற்கு நேர் எதிரானது. விற்கும் எண்ணத்தில் இருப்பவர் அந்தக் காரில் கை வைக்கவே கூடாது. துருவோடு, தூசியோடு, உடைந்த விளக்கோடு, ஆனால் ஒரு போல்ட் குறையாமல், இருக்கும் காகிதங்கள் எல்லாவற்றையும் சேர்த்து, பழுதுகளை வாய்விட்டுச் சொல்லி விற்க வேண்டும். காருக்கும் அதுவே நல்லது, வாங்குபவருக்கும் நல்லது. கணக்குப் போட்டுப் பார்த்தால் விற்பவருக்கும் அதுவே லாபம்.

இதைக் கோவையில் நின்று சொல்வதற்குக் காரணம் உண்டு. உதிரிபாகம் கிடைக்காது, ஆகவே பழைய கார் செத்த கார் என்ற எண்ணத்தில்தான் பாதிப் பேர் காயலான் கடைக்குப் போன் போடுகிறார்கள். 1950களின் மோரிஸ், ஆஸ்டின், ஹில்மன், ரைலி கார்களில் பெரும்பகுதி வார்ப்பும் கடைசலும் தகடும் தோலும்தான். கணினிப் பலகை ஒன்றும் கிடையாது. அவற்றில் பலவற்றின் திருகுகள் விட்வொர்த், பி.எஸ்.எஃப். என்ற பழைய பிரிட்டிஷ் அளவுகளில் இருக்கும்; இன்றைய மெட்ரிக் ஸ்பேனர் பொருந்தாது. ஆனால் லேத் பட்டறையில் அந்த மரையை வெட்டிவிடலாம். பம்ப்செட்டுக்கும் பஞ்சாலைக்கும் பாகம் செய்து பழகிய கோவைப் பட்டறைக்காரர்களுக்கு ஒரு புஷ்ஷையோ தண்டையோ பார்த்துச் செய்துகொடுப்பது பெரிய காரியம் இல்லை. அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று: மாதிரிக்குப் பழைய பாகம் வேண்டும். தேய்ந்திருந்தாலும் உடைந்திருந்தாலும் சரி, அது கையில் இருந்தால்தான் அளவு எடுக்க முடியும். காரைச் சுத்தப்படுத்துகிறேன் என்று துருப்பிடித்த பாகங்களை எடைக்குப் போடுபவர், அடுத்து வருபவர் அந்தக் காரைச் சீர்செய்யும் வழியையே அடைத்துவிடுகிறார்.

நீலகிரி

மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் காற்று மாறுகிறது. சமவெளிக்காரருக்கு அது சுகம். இரும்புக்கு அது எமன். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் நீலகிரியை நனைக்கின்றன, மழை இல்லாத நாளில் மூடுபனி. குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கத் தோட்டங்களில் துரைமார் ஓட்டிய கார்கள், அவர்கள் கப்பல் ஏறிய பிறகு, தோட்டத்தை வாங்கியவர்களிடமும் ஊர் வக்கீல், டாக்டர்களிடமும் கைமாறின. அப்படி வந்த கார்கள் எங்கே நோய்ப்படுகின்றன என்பதைச் சற்றுக் குனிந்து பார்க்க வேண்டும். பானெட்டும் கதவும் மினுங்கிக்கொண்டே இருக்கும். கதவுக்குக் கீழே படிபோல் ஓடும் தகடு, தரைத்தகடு, டிக்கியின் விளிம்பு, மட்கார்டு பாடியோடு சேரும் இடம் ஆகிய நான்கிலும் உள்ளே தண்ணீர் தேங்கி, வெளியே தெரியாமல் அரித்திருக்கும். கையால் கட்டிய பழைய பாடிகளில் தகட்டுக்குள் ஆஷ் மரச்சட்டம் இருக்கும்; அது உளுத்துப்போனால் கதவு தொங்கும், மூடினால் பொருந்தாது. இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டிக் கிடக்கும் இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும்.

இந்த நிலையில் உள்ள காரை விற்பனைக்குத் தயார்செய்வது என்றால் நடைமுறையில் என்ன நடக்கும்? துருவின் மேல் பட்டி பூசுவார்கள், தேய்ப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள். ஓட்டை விழுந்த இடத்தில் தகரத்தை வைத்துப் பற்றவைப்பார்கள். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் பெயின்டுக்கு அடியில் கொப்புளம் கிளம்பும். விவரம் தெரிந்தவர் சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தத்தோடுதான் வருவார். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டாது. ஓரிடத்தில் ஒட்டாமல் விழுந்ததும் முழுக் காரையும் சந்தேகிப்பார், அந்தச் சந்தேகத்துக்கும் சேர்த்து விலையைக் குறைப்பார். அவர் பார்வையில் அந்த வேலை முழுவதும் கூடுதல் செலவுதான். பூசியதைச் சுரண்டி எடுத்த பிறகுதான் அவருடைய வேலை தொடங்கும். விற்பவர் பெயின்டுக்குப் போட்ட பணமும் போயிற்று, நம்பிக்கையும் போயிற்று.

இன்ஜினை ஓட்டிக் காட்டும் ஆசை இதைவிட ஆபத்தானது. பல ஆண்டு நின்ற இன்ஜினில் எண்ணெய் கட்டியாகிக் கிடக்கும், சிலிண்டர் சுவரில் துரு படிந்திருக்கும், பிஸ்டன் வளையங்கள் இறுகியிருக்கும். 1950களுக்கு முந்தைய தலைமுறை இன்ஜின்களில் பேரிங்குகள் ஈயநிற உலோகத்தை உருக்கி ஊற்றிச் செய்தவை. எண்ணெய்ப் படலம் இல்லாமல் சில நிமிடம் சுற்றினாலே உரசிக் கெட்டுவிடும். புது பேட்டரி மாட்டி, கயிறு கட்டி இழுத்து, எப்படியோ உறும வைத்து எடுத்த வீடியோவைப் பார்த்து ஆகாகா என்பார்கள். அந்த ஒரு உறுமலில் சிலிண்டரில் விழுந்த கீறல், ரீபோர் அடித்தாக வேண்டிய செலவாக வாங்குபவர் தலையில் விடியும். அந்தக் கார்களில் பலவற்றுக்குப் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு எர்த் ஆகும். இது தெரியாத இன்றைய எலக்ட்ரீஷியன் இன்று வழக்கத்தில் உள்ளபடி மாற்றி இணைத்துவிட்டால் டைனமோ, ரெகுலேட்டர் கதை கந்தல். கையால் கிராங்க் மெதுவாகச் சுற்றுகிறதா, இறுகி நிற்கிறதா என்பதை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வதே விற்பவர் செய்யத்தக்க பெரிய உதவி.

சீர்செய்த காருக்கு விலை அதிகம் என்பது கண்கூடு அல்லவா என்று கேட்கலாம். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த விலை வேலையின் தரத்துக்கும், எந்தப் பாகம் எங்கே எப்போது மாற்றப்பட்டது என்ற படங்களுக்கும் ரசீதுகளுக்கும் கிடைப்பது. அந்தத் தரத்தில் செய்ய ஆண்டுகள் பிடிக்கும். பெரும்பாலான கார்களில் போட்ட பணம் திரும்புவதில்லை. அதைச் செய்ய நினைப்பவர் காரின் மேல் பித்துப்பிடித்தவராக இருக்க வேண்டும்; விற்க நினைப்பவருக்கு அந்தப் பித்து இருக்க நியாயமில்லை. உலகச் சந்தையின் போக்கும் மாறிவிட்டது. கலிஃபோர்னியாவின் பெப்பிள் பீச் கார் அணிவகுப்பில் மீட்டுருவாக்கம் செய்யாத, பிறந்த மேனியாக இருக்கும் கார்களுக்கென்று 2001 முதலே தனிப் பிரிவு இருக்கிறது. பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிவா 2012இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம், முதலில் பாதுகாப்பது, பிறகு கெடாமல் நிறுத்துவது, வேறு வழி இல்லாதபோதே மீட்டுருவாக்குவது என்ற முறையை வகுத்திருக்கிறது. அசல் தோல் இருக்கையில் விழுந்த வெடிப்புக்கு மதிப்பு உண்டு. புது ரெக்சினுக்கு இல்லை.

முதுமலை, பந்திப்பூர், குண்டலுப்பேட்டை

ஊட்டியில் வர்க்கியும் தேநீருமாகக் குளிரை ஆற்றிக்கொண்டு, பைக்காரா, நடுவட்டம் வழியாகக் கூடலூருக்கு இறங்கி, தெப்பக்காட்டைத் தாண்டினால் கக்கநல்லா சோதனைச் சாவடி. அதற்கப்பால் கர்நாடகம். முதுமலை முடிந்து பந்திப்பூர் தொடங்குவதை மரங்கள் காட்டுவதில்லை. பெயர்ப் பலகையின் எழுத்து மாறுவதுதான் காட்டுகிறது. இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை இந்தக் காட்டுச் சாலை மூடிக்கிடக்கும், ஆகவே பழைய காரை லாரியில் ஏற்றி வருபவரும் இருட்டுவதற்குள் காட்டைக் கடந்தாக வேண்டும். ஆனால் பழைய கார் விஷயத்தில் இந்த எல்லைக்கு வேறொரு முக்கியத்துவம் உண்டு. கார் கைமாறுவதில் பாதிச் சிக்கல் இரும்பில் இருக்கிறது என்றால் மீதி ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பதிவுள்ள வண்டி கர்நாடகத்துக்கு நிரந்தரமாகப் போக வேண்டுமானால் பதிவு அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அங்கே தங்கினால் அங்கேயே பதிய வேண்டும்.

2021ஆம் ஆண்டு இதில் ஒரு திருப்பம். ஒரு பக்கம் பழைய வாகனங்களை உடைத்துப் போடும் கொள்கையை மத்திய அரசு கொண்டுவந்தது. மறுபக்கம் அதே ஆண்டு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, அரும்பழமை வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறையை வகுத்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். சேஸி, பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். புதிதாகப் பதிவதற்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய் கட்டணம். புதிய பதிவு பெறும் வண்டிகளின் எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். தினசரி ஓட்டத்துக்கும் வாடகைக்கும் அனுமதி இல்லை. கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புவது போன்றவற்றுக்கு மட்டும் சாலைக்கு வரலாம். இந்த விதியை என் வாதத்தின் முதல் சாட்சியாக வைக்கிறேன். அசல் இன்ஜினைத் தூக்கிப் போட்டுவிட்டு அம்பாசிடர் டீசல் இன்ஜினை இறக்கிய ஜாகுவார், நன்றாக ஓடும், ஊர்வலத்தில் கைதட்டல் வாங்கும். ஆனால் இந்தப் பதிவின் வாசலில் நின்றுவிடும். அசல் இன்ஜின் இறுகிப்போய், ஆனால் சேஸி எண்ணும் இன்ஜின் எண்ணும் புத்தகத்தோடு ஒத்துப்போகும் கார் நாளைக்கு அந்த வாசலைக் கடக்கக் கூடியது. சந்தையின் மொழியில் சொன்னால், ஓடுவதற்கு இருக்கும் விலையைவிட எண் பொருந்துவதற்கு இருக்கும் விலை அதிகம்.

காகிதமே இல்லாத கார் என்றால் என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. தாத்தா பெயரில் பதிவு, தாத்தா இல்லை, புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டது. இப்படிப்பட்ட கார்கள் ஏராளம். வரி கட்டிய சீட்டு, இன்ஷூரன்ஸ் துண்டு, பழைய புகைப்படத்தில் தெரியும் நம்பர் பிளேட் என்று எது கிடைத்தாலும் சேர்த்து வைக்க வேண்டும், வாரிசுகள் எல்லோருடைய ஒப்புதலையும் முதலில் வாங்கிவிட வேண்டும். எம்.எஸ்., எம்.டி., எம்.ஒய். என்று தொடங்கும் பழைய எண்களைச் சுரண்டிவிட்டுப் புது எழுத்து எழுதுவதைப்போல் தனக்குத்தானே செய்துகொள்ளும் தீங்கு வேறில்லை. காட்டைத் தாண்டிக் குண்டலுப்பேட்டைச் சமவெளியில் ஆடி மாதத்தில் சூரியகாந்தியும் செண்டுமல்லியும் மஞ்சளும் ஆரஞ்சுமாக விரியும்போது, சாலையோரம் படம் எடுக்க நிற்கும் கார்களில் பாதி தமிழ்நாடு, கேரளப் பதிவு. எண்ணைப் பார்த்தே இது எந்த ஊர் வண்டி என்று சொல்லிவிடும் பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. எழுபது ஆண்டுக்கு முந்தைய எண்ணுக்கும் அதே ஊர் அடையாளம் உண்டு.

நஞ்சன்கூடு

தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கு நஞ்சன்கூடு என்றால் பல்பொடி. 1913இல் பி.வி. பண்டிதர் இங்கே தொடங்கிய சத்வைத்யசாலையின் செந்நிறப் பொடியை உள்ளங்கையில் கொட்டி விரலால் தேய்த்தவர்கள், ஊர் எங்கே இருக்கிறது என்று தெரியாமலேயே பெயரைத் தெரிந்துவைத்திருந்தார்கள். நேரில் வந்து பார்த்தால் இது கபிலை என்கிற கபினி ஆற்றங்கரையின் சிவன் ஊர். ஸ்ரீகண்டேசுவரர் கோயிலின் ஒன்பது நிலைக் கோபுரம் 120 அடி உயரம். மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் மனைவி தேவாஜம்மணி கட்டியது. திப்பு சுல்தானின் யானைக்குக் கண்நோய் தீர்ந்ததாகவும், அதனால் அவர் இந்த இறைவனை ஹக்கீம் நஞ்சுண்டர் என்று அழைத்து மரகத லிங்கம் கொடுத்ததாகவும் கோயிலில் சொல்கிறார்கள். ஆற்றில் குளித்து ஈரத்துணியோடு அங்கப்பிரதட்சணம் செய்பவர்களில் சேலம், ஈரோடு, தாளவாடிப் பக்கத்துக் குடும்பங்களும் கலந்திருப்பது காதில் விழும் பேச்சிலேயே தெரியும். கோயில் கடைகளில் பூக்காரம்மா கன்னடத்தில் விலை சொல்லி, எதிரே நிற்பவர் முகத்தைப் பார்த்து உடனே தமிழுக்கு மாறுவார்.

பங்குனியில் நடக்கும் தொட்ட ஜாத்திரையில் ஐந்து தேர்கள் ஓடும். பெரியது கௌதம ரதம். வாழைப்பழத்தில் தவனத்தைச் செருகித் தேரை நோக்கி எறிவது வழக்கம். தேர் நகர நகர மரச்சக்கரத்தின் கீழ் பழம் நசுங்கி, வீதி முழுக்கத் தவன வாசம் நிற்கும். இந்தத் தேர்கள் என் வாதத்துக்கு எதிராகவே சாட்சி சொல்வதுபோல் தோன்றலாம். சக்கரம் விரிந்தால் மாற்றுகிறார்கள், அச்சு தேய்ந்தால் மாற்றுகிறார்கள், உளுத்த உத்தரத்தை எடுத்துவிட்டுப் புதியது ஏற்றுகிறார்கள். தேர் அதே தேர்தான், யாருக்கும் சந்தேகமில்லை. அப்படியானால் காரின் பாகத்தை மாற்றி விற்றால் மட்டும் என்ன குற்றம்? தேரில் பாகம் மாற்றும் ஆசாரி அதை விற்பதற்காக மாற்றவில்லை. அடுத்த ஜாத்திரையில் ஆயிரக்கணக்கானவர் வடம் பிடிக்கும்போது சக்கரம் தாங்க வேண்டும், தாங்காவிட்டால் பழி அவருடைய குடும்பத்துக்கு. என்ன மரம், எந்த இடத்தில், எதற்காக மாற்றினோம் என்பது அவருக்கும் அடுத்த ஆசாரிக்கும் தெரியும். விற்பனைக்கு முந்தைய ரிப்பேரில் இந்த இரண்டும் இல்லை. செய்தவர் வண்டி தாங்கும்வரை கூட இருக்கப் போவதில்லை. செய்ததைச் சொல்லாமல் இருப்பதில்தான் அவருக்கு லாபம். ஆகவே பாகம் மாற்றுவதை நான் எதிர்க்கவில்லை. காரை வைத்திருந்து ஓட்டப் போகிறவர் மாற்றட்டும், பட்டியல் எழுதி வைத்து மாற்றட்டும் என்கிறேன்.

கோயிலிலிருந்து சற்றுத் தள்ளி ஆற்றைக் கடந்து நிற்கும் பழைய பாலத்தைப் பார்க்காமல் போகக் கூடாது. 1735இல் தளவாய் காலத்தில் கட்டியது என்பார்கள். மாட்டுவண்டிக்காகக் கட்டிய கல்பாலம், 1891இல் மைசூரிலிருந்து ரயில் வந்தபோது ரயிலையும் தாங்கியது. ஒரே பாலத்தில் ஒரு பக்கம் தண்டவாளம், மறுபக்கம் சாலை. அகலப் பாதை வந்தபோது அதை இடித்துப் பெரிதாக்காமல் பக்கத்தில் புதுப் பாலம் கட்டிக்கொண்டார்கள். பழையது இன்று பாரம் சுமக்காமல் நிற்கிறது, புதியது ரயிலைச் சுமக்கிறது. பழைய பொருள் இன்றைய வேலையைச் செய்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டால் இரண்டும் பிழைக்கும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. ஏ.சி., பவர் ஸ்டீயரிங், அலாய் வீல் எல்லாம் போட்டு, தினமும் ஆபீசுக்கு எடுத்துப் போகலாம் என்று சொல்லி 1948 மாடல் காரை விற்பவர், அந்தக் கல்பாலத்தின் மேல் கான்கிரீட் கொட்டுபவருக்குச் சமம்.

இந்த வட்டாரத்திலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. நஞ்சன்கூடு வட்டம் அழகஞ்சியில் பண்ணாரி அம்மன் சர்க்கரை ஆலை வடிசாலையோடு இயங்குகிறது. சத்தியமங்கலத்துக் கரும்பு விவசாயிகளுக்குப் பழகிய பெயர்தான். கரும்பிலிருந்து எத்தனால் எடுத்துப் பெட்ரோலில் கலப்பது நாட்டின் கொள்கை, பங்க்கில் இப்போது கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். விவசாயிக்கு அது வருமானம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 1950களின் காரில் உள்ள ரப்பர் குழாய், கார்புரேட்டர் கார்க் வாஷர், டயாஃப்ரம் எல்லாம் எத்தனாலை அறியாத காலத்துச் சரக்கு. எத்தனால் அவற்றை ஊறவைத்து இளக்கும். காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து டாங்கின் அடியில் துருவை வளர்க்கும். ஓடுகிறது என்று சொல்லி விற்ற கார் வாங்கியவர் கையில் பெட்ரோல் கசிந்து தீப்பிடிக்கும் அபாயம் இதனால் கற்பனை இல்லை. எரிபொருள் குழாய் முழுவதையும் மாற்றிய பிறகே ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்து விற்பவர் ஓர் உயிரைக் காப்பாற்றியவர் ஆவார்.

ஊரை விட்டுக் கிளம்புமுன் ரசபாளே வாங்க வேண்டும். புவிசார் குறியீடு பெற்ற இந்த வாழை கபினிக்கரையின் கருமண்ணில்தான் தன் முழு மணத்தோடு விளையும். வாடல் நோயில் தோட்டங்கள் அழிந்து, உண்மையான ரசபாளே குறைந்துவிட்டது. கூடையில் இருப்பதெல்லாம் அதுவா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. நேர்மையான கடைக்காரர், இது வேறு ரகம், அது நாளைக்குத்தான் வரும் என்று சொல்லிவிடுகிறார். அவரிடம்தான் மறுநாளும் கூட்டம்.

மைசூரு

நஞ்சன்கூட்டிலிருந்து மைசூரு அரைமணிக்குச் சற்று அதிகத் தூரம். 1897இல் மர அரண்மனை எரிந்துபோன பிறகு ஹென்றி இர்வின் வடிவமைத்து 1912இல் முடிந்த இன்றைய அரண்மனை, சென்னைவாசிக்கு முதல் பார்வையிலேயே பரிச்சயமாகத் தோன்றும். உயர் நீதிமன்றத்திலும் எழும்பூர் அருங்காட்சியகத்திலும் வேலை செய்த அதே கட்டடக் கலைஞர். ரோல்ஸ் ராய்ஸ் வியாபார வட்டாரத்தில் ஒரே ஆர்டரில் பல கார் வாங்குவதை மைசூரின் பெயரால் குறிப்பிடும் வழக்கம் இருந்தது என்றும், இங்கத்திய மகாராஜா ஏழேழாக வாங்குவார் என்றும் கார் வரலாறு எழுதுபவர்கள் பதிவுசெய்கிறார்கள். அந்த அணிவகுப்பை இன்று அரண்மனையில் காண முடியாது. 1971இல் 26ஆவது அரசியல் சட்டத் திருத்தம் மன்னர் மானியத்தை நிறுத்தியபோது இந்தியா முழுக்க அரண்மனைக் கொட்டகைகள் காலியாயின. பராமரிக்கப் பணமில்லாமல் விற்றவர்களைக் குறைசொல்ல முடியாது. அவர்கள் விற்றது தவறில்லை. விற்பதை வெட்கமாக நினைத்து, கணக்கும் கடிதமும் இல்லாமல் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டதால்தான் பல கார்களின் வரலாறு அறுந்துபோயிற்று.

வெள்ளைக்காரன் விட்டுப்போன தகரத்துக்கு இவ்வளவு பேச்சா என்ற எதிர்வாதம் இங்கேதான் பலமாக எழும். மைசூரு ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஓர் ஆஸ்டின் அதற்குப் பதில் சொல்கிறது. சாலையில் ஓடிய காரை ரயில்வே ஊழியர் ஒருவர் பழைய இரும்பாக வாங்கி, தண்டவாளத்தில் ஓடும்படி சக்கரம் மாற்றி, பாதையைச் சோதிக்கும் வண்டியாக்கிவிட்டார். பிரிட்டனில் பிறந்தது சரி, அதற்கு இரண்டாவது வாழ்வு கொடுத்தது நம் ஊர்க் கை. வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961 முதல் செய்த ஹெரால்டும் அப்படித்தான். மூலவடிவம் இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்ட். ஆனால் நான்கு கதவு வைத்த ஹெரால்ட் வண்டலூரில் மட்டுமே செய்யப்பட்டது. 1970களில் வந்த கஸல் அதன் வாரிசு. இன்று அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இந்தக் கார்களின் தகட்டில் இருப்பது நம் தொழிலாளர் வரலாறு. ஆஸ்டினின் சக்கரம் மாறியது அசல் கெட்டதாகாதா என்றால், ஆகாது. பயன்பாட்டுக்காக அன்று செய்த மாற்றம் அந்த வண்டியின் வரலாற்றில் ஓர் அத்தியாயம். இன்று விலைக்காகச் செய்யும் மாற்றம் அந்த அத்தியாயத்தைக் கிழிக்கும் வேலை. ஹெரால்டின் கதவில் பழைய சென்னை டீலரின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதைச் சுரண்டாமல் விற்பதே முறை.

ஸ்ரீரங்கப்பட்டணம்

மைசூரில் வெண்ணெய் மிதக்கும் தோசையைச் சாப்பிட்டுவிட்டுப் பெங்களூர்ச் சாலையில் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கினால், தர்மஸ்தலத்தின் வீரேந்திர ஹெக்டே சேர்த்த கார்களைக் கொண்ட பயண என்ற அருங்காட்சியகம் வருகிறது. கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கும் குடும்பம் கார்களையும் கவனித்துக் காக்கிறது என்பது நம் பக்கத்துக்காரருக்கு வியப்பாக இருக்கும். குழந்தைகள் கண்ணாடியில் முகத்தைப் பார்க்கிறார்கள், பெரியவர்கள் இது எங்கள் ஊர் டாக்டர் வைத்திருந்த மாடல் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அரிய காரை விற்க நினைப்பவருக்கு உள்நாட்டிலேயே இடம் இருக்கிறது என்பதை இந்தக் கூட்டம் காட்டுகிறது.

வெளிநாட்டில் கொட்டிக் கொடுப்பார்களே என்பது கடைசி ஆட்சேபம். 1950 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன் செய்யப்பட்ட கார்களும் அவற்றின் பாகங்களும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் உள்ளவை. உரிமம் இல்லாமல் அனுப்ப முடியாது. இந்தத் தடைக்குப் பின்னால் பட்ட அனுபவம் இருக்கிறது. இங்கிலாந்தின் லோஸ்டாஃப்ட் ஊரில் ப்ரூக் நிறுவனம் 1910இல் கல்கத்தாவாசி மாத்யூசனுக்காக அன்ன வடிவில் ஒரு கார் கட்டியது. அலகிலிருந்து வெந்நீர் பீச்சிக் கூட்டத்தை விலக்கிய அந்த வண்டி பின்னர் நாபா மகாராஜாவிடம் போய், நெடுங்காலம் கிடந்து சிதைந்து, இன்று நெதர்லாந்தின் லௌமன் அருங்காட்சியகத்தில் சீர்பெற்று மினுங்குகிறது. அவர்கள் நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள், ஆனால் கல்கத்தாக் குழந்தை அதைப் பார்க்க விமானம் ஏற வேண்டும். ராஜ்கோட் மன்னருக்காக 1934இல் கட்டிய, இந்திய நட்சத்திரம் என்று பெயர்பெற்ற காவிநிற ரோல்ஸ் ராய்ஸ் 1960களில் வெளிநாடு போயிற்று. பல ஆண்டுக்குப் பிறகு அதே குடும்பம் திரும்ப வாங்கிக்கொண்டுவந்தது. விற்ற விலையையும் மீட்ட விலையையும் ஒப்பிட யாருக்கும் கணக்கு வாத்தியார் தேவையில்லை. அந்தக் கார் அடையாளம் கெடாமல் முழுதாக இருந்ததால்தான் திரும்பி வரவே முடிந்தது.

விற்கவே வேண்டாம், நினைவாக வீட்டிலேயே இருக்கட்டும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தார்ப்பாய் போர்த்தி மண்தரையில் நிறுத்திய கார் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. பராமரிக்கத் தெம்பிருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்; இல்லையென்றால் தாமதிக்காமல் விற்றுவிடுங்கள். விற்குமுன் காரைக் கழுவக்கூட வேண்டாம். சேஸி எண், இன்ஜின் எண் இரண்டையும் தெளிவாகப் படம் எடுங்கள். கீழ்த்தகட்டையும் டிக்கியின் உட்புறத்தையும் வெளிச்சம் போட்டுக் காட்டுங்கள். கழன்ற பாகங்களை ஒரு பெட்டியில் போட்டுக் காரோடு கொடுங்கள். விளக்கையும் சின்னத்தையும் தனியாக விற்றுக் காசாக்காதீர்கள். எப்போது நின்றது, ஏன் நின்றது, எதுவெல்லாம் இல்லை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அதிக விலை சொல்பவரிடம் உடனே டோக்கன் அட்வான்ஸ் வாங்கிவிடாமல், இதற்கு முன் எந்தக் காரைச் சீர்செய்தீர்கள், அதைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். காட்டக்கூடியவருக்குக் கொஞ்சம் குறைத்தே கொடுக்கலாம். அந்தக் கார் அவரிடம்தான் பிழைக்கும்.